வாசித்துக் காட்டாத முதல் திரை

போன மாதம் எங்கள் பழைய கடைப் பையன்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் ஒரு படம் போட்டிருந்தான். போர்ட் கிள்ளானில் ஏதோ ஒரு கிடங்கில் இருக்கும் பழைய கணினி. லோரி எடை போடும் மென்பொருள் அதில் மட்டும்தான் ஓடுமாம். அதில் நான்கு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கை மாட்டியிருக்கிறான். கணினியோ இரண்டுக்கு மேல் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறது. “ரவி அங்கிள், ஹெல்ப்” என்று என்னை இழுத்துவிட்டார்கள். வழி சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “அந்தக் கணினி எவ்வளவு காட்டுகிறதோ அதை வாடிக்கையாளரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு வா” என்று ஒரு வரி சேர்த்தேன். உடனே சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. அந்தப் பொம்மைகளுக்குத்தான் இந்தக் கட்டுரை.

நான் கிள்ளான்காரன். அப்பா போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டினார். மலாய்ப் பள்ளியில் படித்து, கணினி பழுதுபார்க்க ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸில் மிஸ்டர் டான் வைத்திருந்த கடையில் சேர்ந்தேன். ஆரம்ப வருடங்களில் தூசி ஊதினேன், திருகாணி பொறுக்கினேன், எல்லாருக்கும் தே தாரிக் டீ வாங்கி வந்தேன். பயிற்சி என்றால் அவ்வளவுதான்.

மிஸ்டர் டான் எங்களிடம் ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசுவார். இங்கே தமிழில் எழுதுகிறேன். அவர் கத்தி நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை நாங்கள் யாரும் கருவியைத் தொடமாட்டோம். அவர் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. பழுது பார்த்த கணினியை வாடிக்கையாளர் முன்னால் முடுக்கும்போது, முதலில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் சில வரிகள் ஓடும் அல்லவா, அதை அப்படியே நிறுத்திவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சத்தமாக வாசிக்கவேண்டும். நினைவகம் இவ்வளவு, முதல் டிஸ்க் இவ்வளவு, இரண்டாவது டிஸ்க் இவ்வளவு. வாடிக்கையாளருக்குப் புரிகிறதோ இல்லையோ, கடைசி வரி வரை வாசித்தாகவேண்டும். “கணினி தன்னைப் பற்றித் தானே சொல்வது அந்த ஒரு திரையில்தான். அதற்குப் பிறகு வருவதெல்லாம் ஜோடனை” என்பார்.

நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் இதற்குப் ‘பூசை’ என்று பேர் வைத்திருந்தோம். நான் ஐயர் குரலில் அந்த வரிகளை மந்திரம்போல் ஓதிக் காட்டினால் பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு நான்தான் தலைவன்.

பெரிய டிஸ்க்கைப் பழைய கணினி ஏன் கண்டுகொள்வதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்க்கில் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணை வைத்துத்தான் கணினி எழுதும், எடுக்கும். பழைய கணினிக்கு எண்ணத் தெரிந்தது ஓர் எல்லை வரைதான். என் அப்பாவின் லோரியில் மைல் காட்டும் பெட்டியைப்போல. எல்லா இலக்கமும் ஒன்பதாகிவிட்டால் அடுத்த மைலுக்கு எல்லாம் பூச்சியமாகிவிடும். நான் சொல்லப்போகும் காலத்தில் அந்த எல்லை நூற்று முப்பத்தேழு ஜிகாபைட். அதைவிடப் பெரிய டிஸ்க்கை மாட்டினால் சில கணினிகள் அங்கேயே நின்றுவிடும். அவை நல்ல கணினிகள். சில கணினிகள் ஒன்றுமே நடக்காததுபோல் மாதக்கணக்கில் ஓடும். பதிவு அந்த எல்லையைத் தாண்டுகிற அன்று, எண் பூச்சியத்துக்குத் திரும்பி, டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து எழுத ஆரம்பிக்கும். அங்கே ஏற்கெனவே இருப்பதன் மேலேயே எழுதும். எச்சரிக்கை ஒன்றும் வராது.

இதற்கு அப்போது இரண்டு மருந்து இருந்தது. தனியாக ஒரு கன்ட்ரோலர் அட்டையைச் செருகி, எண்ணுகிற வேலையை அதனிடம் ஒப்படைக்கலாம். இல்லையென்றால் எல்லைக்குள்ளேயே டிஸ்க்கைப் பிரித்துக் கொடுத்து, மிச்சம் வீண் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடலாம். இரண்டும் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தவனாக இருந்தால் இதை எழுத எனக்கு இவ்வளவு கை கூசாது.

கடையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு கடைவீட்டு மாடியில், பார்வையற்றவர்களுக்காகத் தமிழ்ப் புத்தகங்களை ஒலிப்பதிவு செய்யும் அறை ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் மாரிமுத்து அங்கிள். பிறவியிலேயே பார்வை கிடையாது. யாராவது வந்து புத்தகத்தை வாசிப்பார்கள். அவர் அதைக் கணினியில் பதிந்து, தடுமாற்றங்களைக் காதால் கேட்டே வெட்டி எடுத்துவிட்டு, கேசட்டில் ஏற்றிக் கொடுப்பார். கணினி அரதப் பழசு. ஆனாலும் அதை மாற்ற வழியில்லை. திரையில் வருவதைப் பேசிக் காட்டும் அட்டை ஒன்று அதற்குள் இருந்தது. அந்த அட்டை புதுக் கணினி எதிலும் பொருந்தாது. அந்தக் குரல்தான் அங்கிளுக்குக் கண்.

இடம் போதவில்லை என்று அவர் கேட்டபோது, இருநூற்றைம்பது ஜிகாபைட் டிஸ்க் போடலாம் என்று அடித்துச் சொன்னவன் நான். கடையிலிருந்த புதுக் கணினியில் அதை முழுசாக ஒரே பாகமாகப் பிரித்து எடுத்துக்கொண்டு போய், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் கணினியில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டினேன். முடுக்கியதும் கறுப்புத் திரை வந்தது. இரண்டாவது டிஸ்க் என்ற வரிக்கு எதிரில் நூற்று முப்பத்தேழு என்று இருந்தது.

அங்கிள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “ரவி, மொத ஸ்கிரீன்ல என்னா போட்டிருக்கு? அது முடியற வரைக்கும் என் அட்டை பேசாது லா. மிஸ்டர் டான் வந்தா படிச்சிச் சொல்லுவாரு” என்றார்.

கன்ட்ரோலர் அட்டை கடையில் இல்லை. மறுபடி கழற்றினால் கிள்ளானுக்குப் போகும் கொமுட்டர் ரயிலைத் தவறவிடுவேன். பெரிய டிஸ்க் போடலாம் என்று பெருமை அடித்தவனும் நான்தான். இதெல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் மனதில் ஓடியது. “எல்லாம் ஓகே அங்கிள்” என்றேன்.

பிறகு விண்டோஸ் வந்தது. அங்கிள் விசையைத் தட்ட, பேச்சு அட்டை தன் தட்டைக் குரலில் இருநூற்றைம்பது என்ற அளவைப் படித்தது. அங்கிள் கையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். விண்டோஸே காட்டுகிறதே, முதல் திரைதான் தப்பாக இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அதோடு விட்டேனா? அங்கே கேசட் குறைவு. ஒரு நகல் எப்போதும் பூட்டி வைத்திருப்பார்கள். “இனிமே கேசட்ட பூட்டி வைக்காதீங்க அங்கிள். எல்லாம் டிஸ்க்ல பத்திரமா இருக்கும். திரும்பி வர்றதுலயே அடுத்தத ஏத்திக்குங்க” என்று அறிவுரையும் சொல்லிவிட்டு ரயிலைப் பிடித்தேன்.

அந்த டிஸ்க்கில் முதலில் பதிவானது ஒரு நாவல். இங்கே மலேசியாவில் அச்சானது, அப்போதே கடைகளில் கிடைக்காது. பல்கலைக்கழகம் போக எழுதும் எஸ்.டி.பி.எம். பரீட்சையில் தமிழுக்கு அது பாடநூல். தேன்மொழி என்ற பெண்ணுக்காக அதைப் பதிந்தார்கள். காப்பார்க்காரி, செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவரின் மகள், பார்வையற்றவள். பிரிக்பீல்ட்ஸில் விடுதியில் தங்கிப் படித்தாள். பல்கலைக்கழகம் போய்த் தமிழாசிரியர் ஆகவேண்டும் என்பது அவள் கனவு. அதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிவாள். வருடத் தொடக்கத்தில் ஒரு தடவை கேட்டுவிட்டு, என் அறிவுரைப்படி கேசட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பரீட்சை நெருங்கும்போது மறுபடி ஏற்றித் தருவதாக அங்கிள் சொல்லியிருந்தார்.

தீபாவளிக்கு முன்னால், ஓய்வுபெற்ற மருத்துவமனைத் தாதி ஒருவர் வந்து பலகாரப் புத்தகம் ஒன்றை நாள் முழுக்க உட்கார்ந்து வாசித்திருக்கிறார். மறுநாள் அங்கிள் கடைக்குப் போன் செய்தார். “ரவி, இது என்னென்னமோ பேசுது. வந்து பாரு.”

போய்ப் பார்த்தேன். புத்தகங்களின் பெயர்கள் இருக்கவேண்டிய இடத்தில் பேச்சு அட்டை, “டாலர், டாலர், கேள்விக்குறி, எக்ஸ், டாலர்” என்று நிறுத்தாமல் படித்துக்கொண்டிருந்தது. எனக்கு என்ன நடந்தது என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு கடைக்கு வந்தேன்.

மிஸ்டர் டான் டிஸ்க்கைத் தொடுவதற்கு முன் அதை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுக்கச் சொன்னார். மூலத்தின்மேல் சீட்டு ஒட்டி எடுத்து வைத்தோம். நகலில்தான் தேடல். தேடுகிற மென்பொருள் ஊர்ந்துகொண்டிருக்க, அவர் கேட்டார், “முதல் திரை எவ்வளவு காட்டியது?”

“நூற்று முப்பத்தேழு.”

“வாசித்தாயா?”

“பார்த்தேன், பாஸ்.”

“பார்த்தாயா என்று கேட்கவில்லை.”

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தார்.

பெரும்பாலான புத்தகங்கள் மீண்டன. நாவல் மீளவில்லை. பலகாரப் புத்தகம் சரியாக அதன் தலைமேல் போய் எழுதியிருந்தது. துண்டு ஒன்று கிடைத்தது, திறந்து கேட்டோம். கதாநாயகி வீட்டை விட்டுக் கிளம்பி, கதவைச் சாத்திவிட்டு, ஒரு கணம் திரும்பி, “இரண்டு குவளை அரிசி மாவு, சலித்தது” என்று தாதியின் குரல் தொடர்ந்தது. கடையில் ஒரு பையன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பை நான்தானே வளர்த்தேன் என்று நினைத்தேன். எழுந்து பின்கட்டுக்குப் போய் நின்றேன். அழுகை வரவில்லை, அவமானம்தான் வந்தது.

மிஸ்டர் டான் என்னைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனார். நான் சொல்வதற்கு முன்பே அவர் மலாயில் அங்கிளிடம், “என் கடை வாசிக்கவில்லை. தப்பு என் கடையினுடையது” என்றார். அங்கிள் முகம் என் பக்கம் திரும்பியது. நான் எங்கே நிற்கிறேன் என்று அவருக்கு எப்படியோ தெரியும்.

“ரவி, அன்னைக்கு நீ பாத்தியாடா?”

“பாத்தேன் அங்கிள்.”

“அப்ப ஏன்டா ஓகேன்னே?”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனை எடுத்து, வாசிப்பவர்களை ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினார். நாவலை முதலில் வாசித்த ஆசிரியை மகனோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். வாசிக்க வரும் மற்ற ஆசிரியர்களுக்குப் பள்ளியில் ஆண்டிறுதி விடைத்தாள் திருத்தும் வேலை. தாதியம்மா பலகாரச் சட்டியை விட்டு வரமுடியாது என்றார். தேன்மொழியின் பரீட்சையோ தீபாவளி முடிந்த கையோடு. அங்கிள் போனை வைத்துவிட்டு, அலமாரியைத் தடவி அந்த நாவலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“நல்ல குரல் ஒனக்கு. நீ படி.”

பதிவறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டார். நான் மைக் முன்னால் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தேன். கீழே தெருவில் தீபாவளிச் சந்தைப் பாட்டு அலறியது. நான் வாயைத் திறக்கவில்லை. அங்கிள் காத்திருந்தார். பிறகு, “எழுத்து சின்னதா இருக்காடா? லைட் போட்டுக்க” என்றார்.

வெளிச்சம் நிறைய இருந்தது. மலாய்ப் பள்ளியில் படித்தவன் என்று சொன்னேன் அல்லவா? வீட்டில் தமிழ், தெருவில் தமிழ், சண்டையும் தமிழில்தான். படிக்க மட்டும் தெரியாது. கடைப் பலகையையும் சினிமாச் சுவரொட்டியையும் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். நாலு பேர் முன்னால் தமிழ்ப் பத்திரிகை நீட்டினால், கண்ணாடி கொண்டு வரவில்லை என்று சமாளிப்பேன். கண்ணாடியே போடாதவன் நான். கண் தெரியாத ஒருவரிடம் அந்தச் சாக்கைச் சொல்ல முடியவில்லை.

“அங்கிள், எனக்குத் தமிழ் படிக்க வராது” என்றேன்.

அவர் ஹெட்போனை ஒரு காதிலிருந்து எடுத்துவிட்டார். நான் குறுகிப் போனேன். அவர் தமிழ்ப் பிரெயிலை முப்பது வயதுக்கு மேல் விரல் நுனியால் தடவித் தடவிக் கற்றவர். எனக்கு இரண்டு கண்ணும் பழுதில்லை.

“சரி. எழுத்துக் கூட்டியே படி. நடுவுல இருக்கறத நான் வெட்டிக்கறேன்” என்றார்.

படித்தேன். ஒரு பக்கத்துக்கு எவ்வளவோ நேரம் பிடித்தது. ஒரு சொல்லை மூன்று தடவை முட்டி மோதி நாலாவது தடவை சொல்வேன். அவர் முதல் மூன்றை வெட்டி நாலாவதை ஒட்டுவார். நான் தப்பாகச் சொன்னால் அர்த்தத்தை வைத்தே கண்டுபிடித்து, “மறுபடி பாரு” என்பார். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒத்திகை பார்த்தேன். கொமுட்டரில் மலாய்ப் பத்திரிகைக்குள் மறைத்து வைத்து, விரலால் வரி பிடித்து, உதட்டை அசைத்துப் படித்தேன். எதிரே தமிழ்ப் பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் இருந்தால் பத்திரிகையை உயர்த்திக்கொள்வேன். தாய்மொழி என்கிற, யாரோ கட்டி முடித்த வீட்டில் கூலிக்குக்கூட லாயக்கில்லாதவன் என்று என்மேலேயே எரிச்சல் வரும்.

தேன்மொழி தினமும் வகுப்பு முடிந்து வந்து, அன்று முடிந்ததைக் கேசட்டில் வாங்கிப் போவாள். அவளிடம் அங்கிள் நடந்ததை ஒளிக்கவில்லை. அவள் என்னிடம் கோபப்படவும் இல்லை. “அண்ணே, நீங்க படிக்கறதக் கேட்டா, வீடு கட்ற எடத்துல கல்லு எறக்கற மாதிரியே இருக்கு. ஆனா ஒரு கல்லும் மறக்காது லா” என்று சிரித்தாள். அதைக் கேட்டு அங்கிளும் சிரித்தார். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

புத்தகம் முடியவில்லை. கதாநாயகி தைப்பிங் நிலையத்தில் பெட்டியோடு நிற்கிறாள். ரயில் வரும் ஓசை கேட்கிறது. அந்த அத்தியாயத்தோடு தேன்மொழி பரீட்சைக்குப் போனாள். மிச்சத்தை அங்கிள் தனக்குத் தெரிந்த வரையில் வாயால் சுருக்கிச் சொல்லியனுப்பினார். அவரும் அதை ஒரே ஒரு தடவை, பல மாதங்களுக்கு முன் கேட்டவர்தான். முடிவு சரியாக நினைவில்லை என்று அவரே சொன்னார்.

அதற்குப் பின் கன்ட்ரோலர் அட்டை வந்தது. செருகினேன். மிஸ்டர் டானும் உடன் வந்து, கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். நான் முதல் திரையை நிறுத்தி, இருநூற்றைம்பது என்பது உட்பட ஒரு வரி விடாமல் சத்தமாக வாசித்தேன். அங்கிள் ஒவ்வொரு வரிக்கும் “ம்” கொட்டினார். போகும்போது, “ரவி, அந்தப் புத்தகத்துல மிச்சத்த வந்து முடிச்சிட்டுப் போடா. ஒனக்கும் கை வந்திருச்சி” என்றார். வருகிறேன் என்றேன். போகவில்லை. பரீட்சைதான் முடிந்துவிட்டதே, இனி யாருக்கு என்று நினைத்தேன். என் பழைய பாவத்தைவிட இந்த நினைப்புதான் எனக்கு இப்போது அதிகமாகக் குத்துகிறது. டிஸ்க் விஷயத்தில் சோம்பலோடு பயமும் இருந்தது. இதில் சோம்பல் மட்டும்தான்.

பரீட்சை முடிவு வந்தபோது தெருவில் அங்கிளைப் பார்த்தேன். தேன்மொழிக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை என்றார். “ஒரே ஒரு பாடத்துலதான் லா கொறைஞ்சி போச்சு.” எந்தப் பாடம் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருந்துவிட்டேன் என்பதுதான் நிஜம்.

அங்கிள் காலமாகிவிட்டார். அந்த அறையும் இல்லை. மிஸ்டர் டான் கடையை மூடியபின் நான் வேறு இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். தமிழ் இப்போது படிக்கிறேன், இதோ எழுதவும் செய்கிறேன்; ஒற்றுப் பிழைகளை மனைவி திருத்தினாள்.

அவளைத்தான் போன வருடம் மருத்துவமனையில் சேர்த்திருந்தேன். வார்டுக்குப் பேசவேண்டும் என்று பொது எண்ணுக்கு அழைத்தேன். ஒரு பெண் குரல் மலாயில் வணக்கம் சொன்னது. நான் வார்டைக் கேட்க வாயெடுத்து, இரண்டு வார்த்தைதான் சொல்லியிருப்பேன்.

“ரவி அண்ணனா?”

நான் திகைத்துவிட்டேன்.

“தேன்மொழிண்ணே. காப்பார் தேன்மொழி. ஒங்க கொரல மறப்பேனா? இங்க ஆப்பரேட்டரா இருக்கேன், ரொம்ப வருசமாச்சு” என்றாள். அதே சிரிப்பு. நலம் விசாரித்தாள். மனைவிக்கு என்ன என்று கேட்டாள். சொன்னேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அவள், “அண்ணே, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்தப் பொண்ணு கடைசில ரயிலு ஏறுனாளா?” என்றாள்.

அந்தப் புத்தகம் என் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. ஒத்திகைக்கு எடுத்து வந்தவன் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

“தெரியாதும்மா” என்றேன். “பொஸ்தகம் எங்கிட்டதான் இருக்கு. அதுக்கப்பறம் நான் படிக்கல.”

அவளுக்குப் பின்னால் இன்னொரு அழைப்பு மணி அடித்துக்கொண்டிருந்தது.

“பரவால்லண்ணே. படிச்சிட்டு ஒரு போன் போடுங்க. நான் எங்க போவப் போறேன், இங்கதான் இருப்பேன். எந்த வார்டு சொன்னீங்க?”

நான் வார்டைச் சொன்னேன்.